பொன்மலைத் தாத்தாவும் பழைய கணினியும்

திருச்சிராப்பள்ளி நகரின் ஒரு பகுதியாகிய பொன்மலையில் பெரியதோர் இரயில்வே பணிமனை உள்ளது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் நீலகிரி மலை இரயிலின் நீராவி எஞ்சின்கள் இங்கேதான் பழுதுபார்க்கப்படுகின்றன. அம்மலைப்பாதை உதகமண்டலத்தை எட்டிய ஆண்டு 1908. ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும் அப்பாதையில் நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. குறித்த காலத்தில் அவற்றைப் பிரித்துத் துடைத்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, மீண்டும் பூட்டும் கைகள் இருப்பதால்தான் அவை ஓடுகின்றன.

அத்தகைய கைகளுக்கு உரியவர் ஒரு முதியவர். பொன்மலைப் பணிமனையில் 33 ஆண்டுகள் ஃபிட்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பின்பு, நாக்பூரில் இரயில்வேயில் பணிபுரியும் மகனுடைய வீட்டிற்கு வந்து சேர்ந்தார். அஜ்னி இரயில்வே குடியிருப்பில் உள்ள அச்சிறிய வீட்டில் மகன், மருமகள், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பேரன், எட்டாம் வகுப்பில் பயிலும் பேத்தி ஆகியோர் இருந்தனர். கூடத்தின் மூலையில் 2013ஆம் ஆண்டில் வாங்கிய கணினி ஒன்றும் இருந்தது.

ஒலிக்கோப்புகள்

அக்கணினியை அனைவரும் பயன்படுத்தினர். தந்தை பயணச்சீட்டு முன்பதிவு செய்வார். தாய் ஊர்த் திருவிழாக் காணொளிகளைப் பார்ப்பார். பேரன் பாடக் குறிப்புகளை அச்சிடுவான். பேத்தி படம் வரைவாள். ஆயினும், அதனைப் பேணுவது யாருடைய வேலை என்று ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

அதற்குள் 43 ஒலிக்கோப்புகள் இருந்தன. அப்பாயி உயிரோடு இருந்த காலத்தில், அவர் பாடிய தாலாட்டுகளையும் சொன்ன கதைகளையும் போட்ட விடுகதைகளையும் தந்தை கைப்பேசியில் பதிவு செய்து, பின்னர்க் கணினிக்கு மாற்றி வைத்திருந்தார். அந்தக் கைப்பேசி என்றோ பழுதாகி எறியப்பட்டுவிட்டது. ஆகவே, அப்பாயியின் குரல் இவ்வுலகில் அந்த ஒரு கணினியில் மட்டுமே எஞ்சியிருந்தது.

2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். தீபாவளி விடுமுறை தொடங்கவிருந்தது. கணினித் திரையில் ஓர் அறிவிப்பு அடிக்கடி தோன்றியது. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான ஆதரவு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிகிறது என்று அது கூறியது. அதே வேளையில், கணினிப் பெட்டியின் உள்ளிருந்து 'டக், டக்' என்னும் ஒலியும் கேட்கத் தொடங்கியது.

தந்தை அதனைக் கடைத்தெருவில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றார். "இது மிகப் பழையது. விண்டோஸ் 11 இதில் ஏறாது. புதிய கணினி வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் நிறுவித் தருகிறேன். உள்ளே இருப்பவற்றிற்கு நான் பொறுப்பாக மாட்டேன்" என்றார் கடைக்காரர். பேரனுடைய கல்லூரிக் கட்டணம் செலுத்திய ஆண்டு அது. புதிய கணினி வாங்க வழியில்லை. தந்தை கணினியைத் திரும்ப வீட்டிற்கே கொண்டுவந்தார்.

கடைக்காரர் கூறியதில் ஒரு பகுதி உண்மையே. விண்டோஸ் 11 நிறுவப்பட வேண்டுமாயின், பாதுகாப்புச் சில்லு ஒன்றும் அண்மைக்காலச் செயலியும் கணினியில் இருத்தல் வேண்டும். 2013ஆம் ஆண்டின் கணினியில் அவை இல்லை. சில ஏற்பாடுகளின்படி பழைய பதிப்பிற்கே மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் பெறலாம். ஆயினும், அதன் பின்னர் மீண்டும் இதே கேள்வி எழும்.

தாத்தா கேட்ட கேள்வி

அன்று மாலை தாத்தா கணினியின் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். அவருக்குக் கணினியை இயக்கத் தெரியாது. ஆனால், பொறிகளின் ஒலி தெரியும்.

"பாப்பா, இந்த வண்டியைக் கடைசியாக எப்போது பணிமனைக்கு அனுப்பினீர்கள்?"

"கணினிக்குப் பணிமனை எல்லாம் கிடையாது தாத்தா."

"ஓடுகிற எதற்கும் பராமரிப்பு உண்டு அம்மா. ஒலி மாறினால் நிறுத்திப் பார்க்க வேண்டும். நீ இதைப் பற்றிப் படிக்கிறாயே, எனக்குச் சொல்லு. இது எப்படி ஓடுகிறது?"

தான் அறிந்ததைத் தாத்தாவிற்குச் சொல்ல முற்பட்டபோதுதான், தான் அறியாதது எவ்வளவு என்பது சிறுமிக்குப் புலப்பட்டது. மறுநாள் பள்ளியில் கணினி ஆசிரியையிடம் கேட்டாள். விடுமுறைக்கு முந்திய அந்த மூன்று நாள்களும் ஒவ்வொரு மாலையும் ஒரு பாடத்தைத் தாத்தாவிற்கு எடுத்துரைத்தாள்.

மின்விசையை அழுத்தியதும், தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் ஒரு சிறு நிரல் முதலில் விழிக்கிறது. அது நினைவகம், விசைப்பலகை, வட்டு முதலியவை உள்ளனவா என்று சோதிக்கிறது. பின்னர், வட்டில் உள்ள தொடக்க நிரலை அழைக்கிறது. அந்நிரல் இயங்குதளத்தின் உட்கருவை நினைவகத்தில் ஏற்றுகிறது. அதன் பின்பே திரையில் படங்களும் பட்டிகளும் தோன்றுகின்றன. ஒரே நேரத்தில் பாட்டும் ஒலித்து, எழுத்தும் அச்சாகி, இணையமும் திறந்திருக்க வேண்டுமாயின், செயலியின் நேரத்தையும் நினைவகத்தின் இடத்தையும் ஒவ்வொன்றிற்கும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். அப்பங்கீட்டைச் செய்வதே இயங்குதளம்.

"அப்படியென்றால் இது நம் ஸ்டேஷன் மாஸ்டர் போல. எந்த வண்டி எந்தத் தடத்தில் நிற்கும், எது முதலில் புறப்படும் என்று சொல்கிறவர்" என்றார் தாத்தா.

'டக், டக்' ஒலிக்கும் விடை கிடைத்தது. பழைய வன்வட்டின் உள்ளே காந்தப் பூச்சுடைய தட்டுகள் சுழல்கின்றன. மேசைக் கணினியின் வட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும். தட்டின் மேற்பரப்பைத் தொடாமல், மயிரிழைக்கும் குறைந்த இடைவெளியில் ஒரு முனை நகர்ந்து தரவைப் படிக்கிறது. அம்முனையோ தட்டோ பழுதுபட்டால் இத்தகைய ஒலி எழக்கூடும்.

"அப்படியென்றால் இதை இனி அதிகம் ஓட்டாதே" என்றார் தாத்தா. ஆசிரியையும் அதையேதான் கூறியிருந்தார்.

திருத்தம் ஏன் வேண்டும்?

ஆதரவு முடிந்தால் கணினி உடனே நின்றுவிடுமா என்று தாய் கேட்டார். நிற்காது. ஆயினும், புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைக்கப்படாமல் போகும். இலட்சக்கணக்கான வரிகளைக் கொண்ட நிரலில் பிழைகள் இருந்தே தீரும். அவற்றைக் கண்டறிந்து அனுப்பப்படுவனவே பாதுகாப்புத் திருத்தங்கள்.

2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் 'வானாக்ரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. 150 நாடுகளுக்கு மேல் பாதிக்கப்பட்டன. பிரித்தானிய மருத்துவமனைகள் சிலவற்றில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அத்தீநிரல் நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அதனை நிறுவாதிருந்த கணினிகளே பெரும்பாலும் சிக்கின. 'பிறகு பார்க்கலாம்' என்று ஒதுக்கிய இரண்டு மாதங்களின் விலை அது.

அனைவர்க்கும் உரிய இயங்குதளம்

பழைய கணினிக்கு ஏற்ற வேறு இயங்குதளம் உண்டு என்று ஆசிரியை வழிகாட்டினார். அதன் பெயர் லினக்ஸ்.

1991ஆம் ஆண்டில், பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுவந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் தம் வீட்டுக் கணினிக்காக ஓர் உட்கருவை எழுதத் தொடங்கினார். எழுதியதை மறைத்து வைக்காமல், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று வெளியிட்டார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டில் அறிவித்த 'குனூ' திட்டத்தின் மென்பொருள்களோடு அவ்வுட்கரு இணைந்து முழுமையான இயங்குதளம் ஆயிற்று. இத்தகைய மென்பொருள்களைக் கட்டற்ற மென்பொருள்கள் என்பர்.

நம் நாட்டிலும் இது பரவலாகப் பயன்படுகிறது. கேரள அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக லினக்ஸ் வழியே கணினிப் பாடம் கற்பிக்கப்படுகிறது. சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்னும் பெயரில் இந்திய மொழிகளுக்கு ஏற்ற லினக்ஸ் பதிப்பொன்றை 2007ஆம் ஆண்டில் வெளியிட்டது. லினக்ஸில் பல பதிப்புகள் உள்ளன. அவற்றுள் வீட்டுப் பயன்பாட்டிற்கு எளிதான 'லினக்ஸ் மின்ட்' என்பதை ஆசிரியை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். 4 ஜிபி நினைவகம் உடைய பழைய கணினியிலும் அது தடையின்றி ஓடும்.

முதலில் நகல்

விடுமுறையின் முதல் நாள் காலை. பென் டிரைவைச் செருகிக் கணினியை இயக்கினாள் சிறுமி. தொடக்கப் பட்டியலில், வட்டிலிருந்து தொடங்காமல் பென் டிரைவிலிருந்து தொடங்குமாறு தேர்ந்தெடுத்தாள். சில நிமிடங்களில் புதிய திரை விரிந்தது. வட்டில் ஒன்றையும் மாற்றாமல் இயங்குதளத்தை ஓட்டிப் பார்க்க இம்முறை உதவுகிறது.

திரையின் ஓரத்தில் 'நிறுவுக' என்னும் பொருளுடைய படம் இருந்தது. சிறுமி அதனை அழுத்தினாள். மொழியைத் தேர்ந்தெடுத்தாள், விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தாள். அடுத்து, வட்டில் உள்ளவற்றை எல்லாம் அழித்துவிட்டு நிறுவலாமா என்னும் கேள்வி தோன்றியது. அவள் விரல் சுட்டியின் மேல் இருந்தது.

"இதில் என்ன எழுதியிருக்கிறது பாப்பா?" என்று கேட்டார் தாத்தா.

அவள் படித்துச் சொன்னாள்.

"நகல் எடுத்துவிட்டாயா?"

சிறுமி விரலை எடுத்தாள். நகல் எடுக்கவில்லை. சற்று நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. "பிரிப்பதற்கு முன்னால் எது எங்கே இருந்தது என்று எழுதி வைக்காமல் நாங்கள் ஒரு மரையைக்கூடக் கழற்ற மாட்டோம்" என்றார் தாத்தா மெல்ல.

நிறுவும் பணியை நிறுத்தினாள். பென் டிரைவிலிருந்து ஓடிய தளத்தைக் கொண்டே பழைய வட்டைத் திறந்தாள். தந்தை இரவல் வாங்கி வந்த வெளிவட்டை இணைத்தாள். பழுதுபட்ட வட்டு எப்போது நிற்கும் என்று சொல்ல இயலாது. ஆகவே, மீண்டும் பெற இயலாதவற்றை முதலில் எடுக்க வேண்டும். அப்பாயியின் ஒலிக்கோப்புகள், பின்னர் ஒளிப்படங்கள், அதன் பின்னர்ச் சான்றிதழ்கள் என்று வரிசைப்படுத்திக் கொண்டாள். திரைப்படங்களை விட்டுவிட்டாள்.

ஒலிக்கோப்புகள் ஒவ்வொன்றாக நகலாயின. சிலவற்றில் வட்டு திணறியது. மாலைக்குள் 40 கோப்புகள் வந்து சேர்ந்தன. 3 கோப்புகள் வரவில்லை. தட்டின் அப்பகுதிகள் கெட்டுவிட்டிருந்தன. மறுநாளும் முயன்றாள், பயனில்லை. ஒரு தாலாட்டு, ஒரு கதை, மாவடு போடும் முறை ஆகியவை அம்மூன்றும். ஓராண்டிற்கு முன் நகல் எடுத்திருந்தால் ஒருவேளை அவையும் கிடைத்திருக்கும். தாத்தா யாரையும் கடிந்து கொள்ளவில்லை. எழுந்து சென்று வாசற்படியில் அமர்ந்துகொண்டார்.

பேணும் முறை

பழைய வட்டு அகற்றப்பட்டது. அதனிடத்தில், சுழலும் தட்டில்லாத எஸ்எஸ்டி ஒன்று பொருத்தப்பட்டது. பெட்டியைத் திறந்து திருகாணிகளைக் கழற்றியவர் தாத்தா. உள்ளே விசிறியில் அடைந்திருந்த தூசியைத் தூரிகையால் அகற்றியவரும் அவரே. புதிய வட்டில் லினக்ஸ் மின்ட்டை நிறுவ அரைமணி நேரமே ஆயிற்று. பேணும் முறையைக் கற்கவோ விடுமுறை முழுவதும் தேவைப்பட்டது.

முதலில் சிறுமி கற்றது, கடவுச்சொல் ஏன் கேட்கப்படுகிறது என்பது. கோப்பைத் திறக்கவும் எழுதவும் அது தேவையில்லை. இயங்குதளத்தையே மாற்றும் செயலுக்கு மட்டும் அது கேட்கப்படுகிறது. ஆகவே, கடவுச்சொல் கேட்கும்போதெல்லாம் கையை நிறுத்தி, 'நான் எதை மாற்றப் போகிறேன்?' என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, மென்பொருள்களை எங்கிருந்து பெறுவது என்பது. கண்ட இடத்திலிருந்து இறக்காமல், அவ்வியங்குதளத்தின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே பெறுவது நன்று. அங்குள்ளவை சரிபார்க்கப்பட்டு வைக்கப்பட்டவை.

மூன்றாவது, திருத்தங்களை நிறுவுதல். திரையின் அடியில் கேடயம் போன்ற சிறு படம் ஒன்று உண்டு. புதிய திருத்தங்கள் வந்திருந்தால் அது காட்டும். ஒவ்வொரு ஞாயிறன்றும் அதனைப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

நான்காவது பாடத்தில் பலர் தவறுவர். லினக்ஸ் மின்ட்டில் 'டைம்ஷிஃப்ட்' என்னும் கருவி உள்ளது. இயங்குதளத்தின் அன்றைய நிலையைப் பதிந்து வைத்து, பின்னர் ஏதேனும் கெட்டால் அந்நிலைக்கே மீட்டுத் தரும். ஆனால், அது வழக்கமாகப் பதிவது இயங்குதளக் கோப்புகளை மட்டுமே. வீட்டார் சேர்த்து வைத்த படங்களையும் ஒலிகளையும் அது காப்பதில்லை. அவற்றிற்குத் தனியே நகல் வேண்டும்.

"எஞ்சினைச் சரிசெய்தால் பயணிகளின் பெட்டி திரும்பக் கிடைத்துவிடாது, அப்படித்தானே?" என்று தாத்தா கேட்டுத் தெளிந்துகொண்டார்.

நகல் எடுப்பதற்கு எளிய விதி ஒன்று உண்டு. முக்கியமான எதற்கும் 3 படிகள் இருக்க வேண்டும். அவை 2 வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். இவ்விதிப்படி, அப்பாயியின் குரல் கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, பொன்மலையில் உள்ள அத்தை வீட்டில் ஒன்று என மூன்று படிகளாயிற்று.

இவற்றையெல்லாம் எழுதி வைக்கத் தாத்தா ஒரு நீள்குறிப்பேட்டைக் கோடு போட்டுக் கொடுத்தார். நாள், செய்த வேலை, கண்ட குறை, செய்தவர் கையொப்பம் என்று நான்கு பத்திகள். பணிமனைப் பதிவேட்டின் அமைப்பு அது.

தமிழில் எழுதிய கதை

இயங்குதளத்தின் மொழியைத் தமிழுக்கு மாற்ற இயலும் என்பதைச் சிறுமி பின்னரே கண்டாள். மாற்றியதும் 'கோப்பு', 'திருத்து' என்னும் சொற்கள் பட்டிகளில் தோன்றின. இச்சொற்களைத் தன்னார்வலர்கள் தம் ஓய்வு நேரத்தில் மொழிபெயர்த்துள்ளனர். மொழிபெயர்ப்பு நிறைவு பெறாத இடங்களில் ஆங்கிலமே நின்றது.

தமிழ் விசைப்பலகையையும் சேர்த்தாள். பள்ளியில் இந்தியைத் தட்டச்சு செய்ய அவள் இன்ஸ்கிரிப்ட் முறையைக் கற்றிருந்தாள். அம்முறையில் இந்திய மொழிகள் பலவற்றிற்கும் ஒரே அமைப்பு. இந்தியில் 'க' எந்த விசையில் உள்ளதோ, அதே விசையில்தான் தமிழ்க் 'க'வும் உள்ளது. எனவே, ஒரு மொழிக்குப் பழகிய விரல் மற்றொன்றிற்கும் உதவியது. தாத்தாவிற்கோ தமிழ்99 முறை எளிதாக இருந்தது. 1999ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஏற்ற அம்முறையில், உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன.

ஒருநாள் மாலை தாத்தா, கிடைக்காமற்போன அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார். பிள்ளைகளுக்கு அப்பாயி சொல்ல, பக்கத்தில் படுத்தவாறு நூறு முறை கேட்ட கதை அது. அவர் சொல்லச் சொல்லச் சிறுமி தட்டச்சு செய்தாள். கதை முழுமையாகக் கிடைத்தது. தாலாட்டில் இரண்டு அடிகளுக்கு மேல் அவருக்கு நினைவில்லை. மாவடு போடும் முறை ஒருவருக்கும் தெரியவில்லை. கிடைத்தவற்றை ஒரு கோப்பில் சேமித்தாள். அன்றே மூன்று படிகளும் எடுத்தாள்.

குறிப்பேட்டில் இப்போது பல பக்கங்கள் நிறைந்துள்ளன. சென்ற மாதம், அடுத்த வீட்டு மராத்திக் குடும்பத்தார் தங்கள் பழைய மடிக்கணினியை அவளிடம் எடுத்து வந்தனர். அதனை மேசை மேல் வைத்த அவள், இயக்குவதற்கு முன்பே அவர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்: "இதில் திரும்பக் கிடைக்காதவை எவை? அவற்றிற்கு நகல் எடுத்துவிட்டீர்களா?"